பட்டாளத்தாருக்குப் பக்கத்தில் ஓர் ஆணி

தில்லைநாதன் அன்று காலை ஒரு பெரிய முடிவு எடுத்தார். மாமனாரைச் சுவரிலிருந்து இறக்கிவிடுவது.

மாமனார் செத்து முப்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது. அதனால் என்ன? செத்தவர்கள் எல்லாரும் போய்விடுகிறார்களா? சிலர் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறி நின்றுகொண்டு, மருமகன் எத்தனை தரம் சோறு போட்டுத் தின்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பெண்சாதி வீட்டில் குடியிருந்த எவனையும் கேட்டுப் பாருங்கள். சொல்லுவான். மெதுவாகத்தான் சொல்லுவான்.

வல்வெட்டித்துறையில் அந்த வீட்டுக்குப் பெயர் பட்டாளத்தார் வீடு. இராசமலரின் தகப்பன் சோமசேகரம், முதலாம் உலக யுத்தம் நடந்த காலத்தில் பினாங்குக்குப் போய், வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் நின்று சண்டை பிடித்துத் திரும்பி வந்தவர் என்பது ஊரறிந்த செய்தி. அதற்குச் சாட்சி, விறாந்தையைத் தாண்டியதும் எதிரே தொங்கிய படம். காக்கிச் சட்டை. பித்தளைப் பொத்தான். முறுக்கின மீசை. கையில் ஒரு பிரம்பு. பக்கத்தில் வாய் உடைந்த ஒரு பூச்சாடி. சட்டைக் கை மட்டும் மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே நின்றது.

"வெள்ளைக்காரன்ரை துணி. தோய்ச்சாச் சுருங்கும்," என்பாள் இராசமலர்.

தில்லைநாதனுக்குச் சொந்த ஊர் மயிலிட்டி. கலியாணம் கட்டி வந்து தலை நரைத்த பிறகும் ஊர் அவரை மயிலிட்டியார் என்றே கூப்பிட்டது. மரியாதை கூடினால், பட்டாளத்தாற்றை மருமோன். சந்தியில் கயிறும் தாரும் ஆணியும் விற்கிற சின்னக் கடை அவருடையது. ஊர் வள்ளங்களில் பாதி அவருடைய ஆணியில்தான் உடையாமல் நின்றது. ஆனால் தான் படுத்தெழும்பும் வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்க அவருக்கு உரிமை இல்லை. வீடு சீதன வீடு. சுவர் சீதனச் சுவர்.

அடிக்க வேண்டிய ஆணி ஒன்று இருந்தது. அதுதான் அவருடைய நெஞ்சில் முப்பது வருசமாக இருந்த முள்.

அவர் தவழ்கிற வயசில் தகப்பன் கந்தப்பு பினாங்குக்குக் கப்பல் ஏறினார். ஒரே ஒரு படம் வீட்டுக்கு வந்தது. பிறகு படமும் இல்லை, ஆளும் இல்லை. "கந்தப்பு அங்கை ஒரு சீனத்தியோடை இருக்கிறான்," என்று மயிலிட்டி சொன்னது. பள்ளிக்கூடத்தில் பொடியள் "சீனத்தி மோன்" என்று கூப்பிட்டார்கள். தில்லைநாதன் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டார். அப்படிக் கூப்பிட்டவர்களின் பெயர் இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவார். அவர்களில் சிலர் செத்துவிட்டார்கள். அவர்களையும் விடமாட்டார்.

தகப்பனின் படம் றங்குப்பெட்டிக்குள் கிடந்தது. குள்ளமான மனிதர். வேட்டி நிலத்தில் இழுபட நிற்பார். தோளில் சால்வை, நெற்றியில் திருநீறு. படத்தை எடுக்கும்போதெல்லாம் தில்லைநாதனின் கண் அந்த முகத்தில்தான் நிற்கும். படத்தில் வேறு என்ன இருக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை.

அன்று காலை பெட்டியைத் திறந்தபோது படத்தின் ஒரு மூலையில் மண் ஏறியிருந்தது. கறையான்.

"இஞ்சாரும், ஐயாவின்ரை படத்தைக் கறையான் தின்னத் துவங்கியிட்டுது."

"தட்டிப்போட்டு வையுங்கோ."

"பெட்டிக்கை வைச்சா மாரிக்கு முன்னம் முகத்தையும் திண்டிடும். சுவரிலை கொழுவினால்..."

"எந்தச் சுவரிலை?"

"உந்தச் சுவரிலைதான். மாமாவுக்குப் பக்கத்திலை."

இராசமலர் அகப்பையைக் கீழே வைத்தாள். கையிலிருப்பதை அவள் கீழே வைத்தால் தில்லைநாதன் ஓர் அடி பின்னுக்கு வைப்பார். கை சும்மா இருந்தால் வாய் முழுநேர வேலைக்கு வந்துவிடும்.

"கொழுவுங்கோவன், எனக்கென்ன? வாற சனம் கேக்கும், உவர் ஆர், என்ன செய்தவரெண்டு. என்ன சொல்லட்டும்?"

"பினாங்குக்குப் போனவரெண்டு சொல்லும்."

"போய்?"

"போய்... போனவர்."

"எங்கடை அப்பு போய், சண்டை பிடிச்சு, வந்தவர். உங்கடை ஐயா போனவர். போனதுக்கெல்லாம் படம் கொழுவ வெளிக்கிட்டா, பருத்தித்துறை பஸ்ஸிலை போற சனம் முழுக்க எங்கடை சுவரிலைதான் நிக்கும்."

சுவரிலிருந்து பட்டாளத்தார் பார்த்தார். மீசைக்குள் சிரித்தது போலிருந்தது. அந்தக் கணம் தில்லைநாதனின் கண் அந்த நாலு விரல் இடைவெளியில் போய் விழுந்தது. தோய்த்தால் சுருங்குமாம்! கயிறு விற்கிறவனுக்குச் சுருங்குவது எது, அளவில்லாதது எது என்று தெரியாதா? அது ஆளுக்குத் தைத்த சட்டையே இல்லை. உந்த மனிதன் பட்டாளத்துப் பக்கமே போகவில்லை. அதைக் கண்டுபிடித்துவிட்டால் சுவர் காலியாகும். ஆணி கூட அடிக்கத் தேவையில்லை. அடித்த ஆணி ஒன்று சும்மா கிடைக்கும்.

ஆகவே மாமனாரின் பூர்வீகத்தை விசாரிக்கத் தொடங்கினார்.

இந்த இடத்தில் ஊரைப் பற்றி ஒரு சொல். அது அறுபத்தெட்டாம் ஆண்டு. வல்வெட்டித்துறை நல்ல ஊர். யார் வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி கிடைக்கும். சொந்தக் கதை, சோகக் கதை எதையும் கேட்கலாம். வள்ளத்தைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. பொழுது பட்ட பிறகு சில வள்ளங்கள் போகும், விடிய முன்னம் வரும். அக்கரைச் சேலையும் சவர்க்காரமும் கடலில் தானாக முளைப்பதில்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேட்பவன் கஸ்டம்ஸ்காரன். அல்லது கஸ்டம்ஸ்காரனுக்குச் சொல்லிக் கொடுப்பவன்.

தில்லைநாதனுக்கும் இது தெரியும். ஆனால் அவர் கேட்கப்போவது ஐம்பது வருசத்துக்கு முந்தி மாமனார் பினாங்குக்குப் போன வள்ளம் அல்லவா? இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தார். மாமனாரின் பெயரைச் சொன்னால் இராசமலரின் காதுக்கு எட்டிவிடும். ஆகவே பெயரை விட்டுவிட்டு, மற்றதை மட்டும் கேட்பது என்று தீர்மானித்தார்.

தேத்தண்ணிக் கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். பக்கத்தில் இருந்த கிழவரிடம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, ஒரு விசயம். இஞ்சையிருந்து போன வள்ளம், அது ஆரின்ரை?"

"எந்த வள்ளம்?"

"உங்களுக்குத் தெரியும்தானே. ஆர் ஆர் போனவை? ஓட்டின தண்டயல் ஆர்? திரும்பி வரேக்கை எந்தக் கரையிலை இறங்கினவை?"

கிழவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்.

"தம்பி என்னத்துக்குக் கேக்கிறீர்?"

"சும்மா. ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ. முக்கியமா வீட்டுக்குத் தெரியவேண்டாம்."

கடையில் கரண்டிச் சத்தம் நின்றது. பத்துப் பேரும் ஒரே நேரத்தில் சுருட்டைப் பற்றவைத்தார்கள். கிழவர் எழும்பிப் போனார். தேத்தண்ணி பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. தில்லைநாதனுக்குப் பெருமையாக இருந்தது. ஏதோ இருக்கிறது, மறைக்கிறார்கள் என்று நினைத்தார். அடுத்த நாள் கடற்கரைக்குப் போய் இன்னும் நாலு பேரிடம் கேட்டார்.

அதற்குப் பிறகு ஊர் மாறியது.

முதலில் சலூன். முகத்தில் சவர்க்காரம் பூசி, ஒரு கன்னத்தை வழித்துவிட்டு, சலூன்காரன் கத்தியைத் துடைத்து உறைக்குள் வைத்தான். "கடை பூட்டப் போறன்," என்றான். காலை பத்து மணி. தில்லைநாதன் ஒற்றைக் கன்னத்தோடு வீட்டுக்கு வந்தார். கத்தி தன் தொண்டையில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்து, மற்றக் கன்னத்தைத் தானே வழித்துக்கொண்டார்.

பிறகு மீன்.

"ஏனப்பா வெறுங்கையோடை?" என்று கேட்டாள் இராசமலர்.

"மீன் முடிஞ்சுதாம்."

"பக்கத்து வீட்டுக் குணலட்சுமி இப்பத்தான் விளைமீன் கொண்டு போறாள்."

"எனக்குத்தான் முடிஞ்சுதாம்."

பிறகு கடை. ஒருத்தரும் கயிறு வாங்க வரவில்லை. வெயிலில் தார் உருகி ஓடியது. தெருவின் அந்தப் பக்கத்தில் இரண்டு பொடியள் குந்தியிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழும்பினால் அவர்கள் எழும்பினார்கள். அவர் மூத்திரம் பெய்யப் போனால், மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

கடைசியாகச் சைக்கிள். கடைப் பின்பக்கம் வைத்த சைக்கிளைக் காணவில்லை. தேடிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். கரையேற்றி வைத்த ஒரு வள்ளத்தின் பாய்மர உச்சியில் அது தொங்கியது. காற்றுக்கு முன்சில்லு மெல்லச் சுழன்றது. கட்டியிருந்த கயிறு அவர் கடைக் கயிறு. அந்தக் கயிறு அறாது என்று அவரே எத்தனை பேருக்கு உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்! இன்றைக்குச் சைக்கிள், நாளைக்கு ஆர் என்று நினைத்தவுடன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு ஓடி வரும்போது, பக்கத்து வீட்டுக் குணலட்சுமி வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"அண்ணை, ஒரு சந்தேகம். உங்களுக்கு மாசாமாசம் சம்பளமோ, இல்லாட்டிப் பிடிச்ச சாமானிலை பங்கோ?"

"என்ன சாமான்?"

"சேலையாத் தந்தா எனக்கும் ஒண்டு எடுத்து வையுங்கோ."

அப்போதுதான் தில்லைநாதனுக்கு எல்லாம் விளங்கியது. உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். யன்னலைச் சாத்தினார். அலுமாரியையும் சாத்தினார்.

"இராசமலர்! நான் கஸ்டம்ஸ்காரனுக்கு உளவாம்! என்னைக் கொல்லப் போறாங்கள்!"

"கத்தாதையுங்கோ. ஏன் அப்பிடி நினைக்கினம்?"

"வள்ளத்தை விசாரிச்சனான்."

"என்னத்துக்கு?"

உண்மையைச் சொல்ல வாய் திறந்தார். அவள் தலைக்கு நேர் மேலே பட்டாளத்தார் பிரம்போடு நின்றார்.

"சும்மா."

"வல்வெட்டித்துறையிலை வள்ளத்தைச் சும்மா விசாரிச்ச முதல் ஆள் நீங்கள்தான்," என்றாள். "சீவரத்தினத்துக்குக் கோவமாம். கேள்விப்பட்டன்."

சீவரத்தினம் அவளுடைய சித்தப்பாவின் மகன். நாலு வள்ளத்துக்குச் சொந்தக்காரன். அவனுக்குக் கோபம் வந்தால் கஸ்டம்ஸ்காரனே லீவு எடுத்துக்கொண்டு போய்விடுவான். தில்லைநாதனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஓட்டில் பூனை நடந்தால் எழும்பி உட்கார்ந்தார். பூனை நடக்காவிட்டாலும் எழும்பி உட்கார்ந்தார்.

அடுத்த நாள் மத்தியானம் படலை திறந்தது. அந்த இரண்டு பொடியள்.

"தம்பிராசாத் தண்டயல் உங்களைக் கையோடை கூட்டிக்கொண்டு வரட்டாம்."

தம்பிராசாத் தண்டயல் ஊரிலேயே மூத்த கப்பலோட்டி. கடலை விட்டு வெகு காலம். கடற்கரைக் கொட்டிலில் இருக்கிறார். அந்தக் கிழவரை ஒரு சாட்டாக வைத்துத் தன்னைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், வள்ளத்தில் ஏற்றி, நடுக்கடலில் இறக்கிவிடப் போகிறார்கள் என்று தில்லைநாதனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நீந்தத் தெரியும். ஆனால் எந்தப் பக்கம் நீந்துவது?

"இராசமலர், நான் போட்டு வாறன்," என்றார். "நான் உம்மை ஏதும் பேசியிருந்தா மனசிலை வையாதையும்."

"நீங்கள் எப்ப பேசினனீங்கள்? குடையைக் கொண்டு போங்கோ. கடலிலை நிழல் இல்லை."

"கடலிலையோ!"

"கடற்கரையிலை எண்டு சொன்னன்."

குடையை எடுக்கவில்லை. றங்குப்பெட்டியைத் திறந்து, தகப்பனின் படத்தைத் துவாயில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சாகப் போகிற இடத்துக்குத் தகப்பனாவது கூட வரட்டும்.

பொடியள் கொட்டிலுக்கு எட்டத்திலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே தண்டயல் சாக்குக் கட்டிலில் இருந்தார். காது பாதி போய்விட்டது. கண் மட்டும் கடலைப் பார்த்த கண்.

"நீயோ பழைய வள்ளங்களை விசாரிக்கிற ஆள்? பொடியள் புதிசெண்டு நினைச்சுப் பதறுறாங்கள். நான்தான் கூட்டிவரச் சொன்னனான். என்ன கக்கத்திலை?"

தில்லைநாதன் துவாயை விரித்தார். கிழவர் படத்தைக் கையில் வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இது மயிலிட்டிக் கந்தப்பு! உடுத்திருக்கிறது சோமசேகரத்தின்ரை வேட்டி!"

"என்ன?"

"நீ ஆர் கந்தப்புவுக்கு?"

"மோன்."

சிரிப்பு நின்றது. கிழவர் கட்டிலில் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்.

"இரு மோனை. சண்டை துவங்கின வருசம், எங்கடை கப்பல் பினாங்கிலை நிக்குது. நான் அதிலை சின்னப் பொடியன். உன்ரை கொப்பன் பட்டாளத்திலை சேர்ந்திட்டான். தன்ரை தாய்க்குச் சொல்லேல்லை. சொன்னா கிழவி கிணத்திலை பாஞ்சிடும். சோமசேகரம் அந்தப் பட்டாளத்தின்ரை குசினியிலை வெங்காயம் உரிக்கிறான். ரண்டு பேருக்கும் ஊருக்குப் படம் அனுப்ப ஆசை. உன்ரை கொப்பனுக்குப் படத்திலை பட்டாளம் தெரியக்கூடாது. சோமசேகரத்துக்கு வெங்காயம் தெரியக்கூடாது. படம் பிடிக்கிற சீனன்ரை கடையிலை, ஒரு திரைக்குப் பின்னாலை உடுப்பை மாத்தினவங்கள். திரையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான்."

தில்லைநாதன் கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்தார்.

"அப்ப அந்தச் சீனத்தி?"

"எந்தச் சீனத்தி? எனக்குத் தெரிஞ்சது படம் பிடிச்ச சீனன் ஒருத்தன்தான். உன்ரை கொப்பனைச் சண்டைக்குக் கப்பலிலை ஏத்திக்கொண்டு போனாங்கள். காயம்பட்டுக் கிடந்த ஒருத்தனைத் தூக்கிக்கொண்டு வரேக்கை வெடி பட்டதாம். தூக்கி வந்தவனைக் கீழை வைச்சிட்டுத்தான் விழுந்தவனாம். சோமசேகரம் எனக்குச் சொல்லி அழுதவன். பட்டாளம் விசயமெண்டா மட்டும் அவன் பொய் சொல்லுவான். அழுகை பொய்யில்லை."

தில்லைநாதன் படத்தை மடியில் வைத்தார். முதல் தடவையாக அவருக்குப் பயம் இருக்கவில்லை. சீனத்தி மோன் என்று கூப்பிட்ட பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்தன. ஒவ்வொருத்தன் வாசலிலும் போய் நிற்க வேண்டும் போலிருந்தது.

"ஐயா, இதை ஏன் இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டது? ஒருத்தி மட்டும் கேட்டவள். கன காலத்துக்கு முன்னம். ஊருக்குச் சொல்லப்படாதெண்டு சத்தியம் வாங்கினவள். இப்பவும் மாசம் தவறாமல் பால்ரொட்டி வருகுது. நீ கந்தப்புவின்ரை மோன், ஊர் இல்லை. அதுதான் உனக்குச் சொன்னன்."

சொல்லிவிட்டுக் கிழவர் கண்ணை மூடினார். அடுத்த மூச்சில் குறட்டை.

தில்லைநாதன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். நிமிர்ந்த நெஞ்சு வாசலோடு நின்றுவிட்டது. சீவரத்தினம் அப்போதுதான் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர். அவர்களுக்குப் பின்னால் கடல்.

"அத்தான், கிழவருக்கு வயசு போட்டுது. அவர் பழைய வள்ளம் எண்டுவார், புது வள்ளம் எண்டுவார். நீங்கள் உங்கடை வாயாலை சொல்லுங்கோ. என்னத்துக்கு விசாரிச்சனீங்கள்?"

உண்மை நாக்கின் நுனியில் இருந்தது. உங்கடை பெரியப்பு வெங்காயம் உரிச்சவர், அதைப் பிடிக்கத்தான் விசாரிச்சனான். சொல்லலாம். ஆனால் எதிரே நின்றவர்களைப் பார்த்தார். முன்வரிசை முழுக்கப் பட்டாளத்தாரின் மருமக்களும் பெறாமக்களும். உளவு பார்த்தவனை ஒருவேளை கடலில் இறக்குவார்கள். பெரியப்புவின் கையில் வெங்காயத்தைக் கொடுத்தவனை எங்கே இறக்குவார்கள்?

கடல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணால் அளந்தார்.

"நான் சொல்லுறன் தம்பி," என்றது ஒரு குரல்.

குடையோடு இராசமலர் வந்துகொண்டிருந்தாள்.

"அவருக்குச் சொல்ல வெக்கம். அப்புவின்ரை திவசம் வருகுதெல்லோ. இந்த முறை ஊரைக் கூப்பிட்டு, அப்பு பட்டாளத்திலை செய்த வீரமெல்லாம் சொல்லவேணுமெண்டு மனிசனுக்கு ஆசை. எனக்கும் தெரியாமல் விசாரிச்சுத் திரிஞ்சிருக்கிறார். அப்புவிலை அவ்வளவு பட்சம். என்னப்பா, அப்பிடித்தானே?"

பதினைந்து பேர் பார்த்தார்கள். கடல் ஒரு தரம் வந்து போனது.

"ஓம்," என்றார் தில்லைநாதன்.

சீவரத்தினத்தின் முகம் விரிந்தது. ஓடி வந்து அத்தானைக் கட்டிப் பிடித்தான். "இதைச் சொல்லுறதுக்கு என்ன அத்தான்! சைக்கிளை இறக்குங்கோடா! சரி, இப்பவே ஒண்டு சொல்லுங்கோ. பெரியப்பு என்ன வீரம் செய்தவர்?"

தில்லைநாதனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வீரம்தான். கக்கத்தில் படத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"காயம்பட்டுக் கிடந்த ஒருத்தனை... வெடி விழ விழத் தூக்கிக்கொண்டு வந்தவராம். தனக்குக் காயம் பட்ட பிறகும்... அவனைக் கீழை போடேல்லையாம்."

சொல்லி முடியமுன்னம் அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கூட்டத்தில் இரண்டு பேருக்கும் வந்தது.

"மாமனாருக்காக அழுற மருமோனை இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றான் ஒருத்தன்.

வீட்டுக்கு வந்து படலையைச் சாத்தியதும் தில்லைநாதன் திரும்பினார்.

"உமக்குத் தெரியும்!"

"என்ன தெரியும்?"

"வெங்காயம்! பால்ரொட்டி!"

இராசமலர் குடையை மடக்கி மூலையில் சாத்தினாள். அவர் கக்கத்திலிருந்து படத்தை உருவி எடுத்தாள். கொண்டுபோய்ப் பட்டாளத்தாரின் படத்துக்குப் பக்கத்தில், சுவரோடு சேர்த்துப் பிடித்தாள்.

"பாருங்கோ."

தில்லைநாதன் தகப்பனின் முகத்தைப் பார்த்தார்.

"முகத்தை விடுங்கோ. பக்கத்திலை பாருங்கோ."

தகப்பனுக்குப் பக்கத்தில் ஒரு பூச்சாடி. வாய் உடைந்த பூச்சாடி. மாமனாருக்குப் பக்கத்திலும் அதே சாடி. அதே உடைவு. ஒருத்தருக்குச் சட்டைக் கை கட்டை. மற்றவருக்கு வேட்டி நீளம்.

"கலியாணமான கிழமையே கண்டனான். ரண்டையும் பக்கத்திலை வைச்சா, கண்ணுள்ள எந்தச் சனத்துக்கும் விளங்கும். இப்ப விளங்குதே நான் ஏன் விடேல்லையெண்டு?"

"நாளைக்கே ஊருக்குச் சொல்லுவன்!"

"சொல்லுங்கோ. ஊர் கேக்கும், அப்ப கடற்கரையிலை ஏன் பொய் சொன்னனீங்கள் எண்டு. அப்புவின்ரை வீரம் இல்லையெண்டா, வள்ளத்தை விசாரிச்சது என்னத்துக்கெண்டும் கேக்கும்."

தில்லைநாதன் கதிரையில் விழுந்தார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு இன்னொரு சந்தேகம் வந்தது.

"கஸ்டம்ஸ் எண்டு முதல் சொன்னது ஆர்?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. தேத்தண்ணிக் கடைக் கதை வந்த அண்டைக்கே நீங்கள் ஆரைத் தேடுறியளெண்டு விளங்கியிட்டுது. குணலட்சுமி கிணத்தடியிலை கேட்டவள், அண்ணை ஏன் வள்ளத்தை விசாரிக்கிறாரெண்டு. எனக்கென்னடி தெரியும், போன மாசம் காங்கேசன்துறைக்கு ரண்டு தரம் போய் வந்தவர் எண்டன். பொய்யே?"

"கஸ்டம்ஸ்காரர் இருக்கிற ஊரெல்லோ அது! நான் பல்லுப் புடுங்கப் போனனான்!"

"பல்லைப் பற்றி அவள் கேக்கேல்லை."

சுவரிலிருந்து பட்டாளத்தார் பார்த்தார். தில்லைநாதன் நிமிர்ந்து பார்க்கவில்லை. இராசமலர் கந்தப்புவின் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். கறையான் தின்ற மூலையைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் இளகியது.

"பாவம், மாமா. தூக்கினவனைக் கீழை போடேல்லையாமே?" என்றாள். "சுத்தியலை எடுத்து வாங்கோ. கொழுவுவம்."

"உண்மையாவோ?"

"உண்மையாத்தான். எதிர்ச்சுவரிலை. ஒண்டைப் பாக்கிற ஆளுக்கு மற்றதைப் பாக்க ஏலாது."

தில்லைநாதன் தன் கடையிலேயே நல்ல ஆணியாகப் பார்த்துக் கொண்டு வந்தார். தானே அடித்தார். முப்பது வருசத்தில் அந்த வீட்டில் அவர் அடித்த முதல் ஆணி. தகப்பன் சுவரில் ஏறினார். எதிரே சிநேகிதன். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் தில்லைநாதன் நின்று, இவரைப் பார்த்துத் திரும்பி அவரைப் பார்த்தார். ஊருக்குத் தெரியாவிட்டால் என்ன, சுவரில் இருக்கிறாரே. அந்த மட்டில் தனக்குத்தான் வெற்றி என்று நினைத்தார்.

விடிந்ததும் குணலட்சுமி நெருப்புப் பெட்டி கேட்டு வந்தாள். வந்தவள் திரும்பும்போது எதிர்ச்சுவரைக் கண்டாள்.

"அக்கா, இது புதிசாக் கிடக்கு. உவர் ஆர்?"

தில்லைநாதன் வாயைத் திறந்தார். இராசமலர் முந்திவிட்டாள்.

"அவரோ? இவரின்ரை ஐயா. பினாங்கிலை எங்கடை அப்புவின்ரை பட்டாளத்துக்கு வெங்காயம் உரிச்சவராம். நேற்றுத்தான் விசாரிச்சு அறிஞ்சது. என்னப்பா, நீங்கள்தானே தண்டயலிட்டைக் கேட்டுக்கொண்டு வந்தனீங்கள். சொல்லுங்கோவன்."

தில்லைநாதன் தகப்பனைப் பார்த்தார். படலைக்கு வெளியே சீவரத்தினத்தின் ஆட்கள் வலையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தன் உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"ஓம்," என்றார். "நல்லா உரிப்பாராம்."